கச்சேரிப் பதிவில் முந்தும் காட்சி

கேள்வி: எங்கள் ஊர் சபாவில் மூன்று கேமராக்களில் பதிவான கர்நாடக இசைக் கச்சேரியைத் தொகுத்து வருகிறேன். ஒலியை வைத்துப் பொருத்திய பிறகும், பின்வரிசைக் கேமராவில் மிருதங்கத்தில் விழும் கை சற்று முந்தித் தெரிகிறது. போகப்போக, மூன்றாவது கேமராவான கைபேசியின் காட்சியும் விலகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பிழைக்குக் காரணம் தூரம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்வதால், மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கை அது பத்தில் ஒரு நொடி தாமதமாக அடைகிறது; நொடிக்கு 25 ஃபிரேம் (காட்சியின் தனித்தனிப் படங்கள்) என்ற கணக்கில் இது இரண்டரை ஃபிரேம். அந்த ஒலியை, மேடை மைக்குகளை ஒன்றுசேர்க்கும் மிக்ஸர் கருவியின் ஒலியோடு பொருத்தும்போது காட்சி அதே அளவு முன்னே வந்துவிடுகிறது. ஆகவே அந்தக் காட்சியை மட்டும் இரண்டு, மூன்று ஃபிரேம் பின்தள்ளி, கை தோலில் படும் கணத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். கைபேசிகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவதால், தொகுப்பதற்கு முன்பே அதை நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் விலகினால், உருப்படிகளுக்கு (பாடல்களுக்கு) இடையே வெட்டி மறுபடி பொருத்தலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். பாடகர் அவ்வப்போதே ஸ்வரங்களைக் கோத்துப் பாட, வயலின் பதில் சொல்லும் கற்பனை ஸ்வரத்தில், பாடகர் முடிப்பதற்குச் சற்று முன்பே வயலினுக்கு மாறினால், பதில் சொல்லக் காத்திருக்கும் அந்த முகமும் நமக்குக் கிடைக்கும். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தட்டுக்குத் தட்டு காட்சி மாற்றுவதை நான் ஏற்பதில்லை. கோர்வை எனும் முடிவுத் தாளக்கோவை மூன்று முறை வந்து, பாடல் வரி தொடங்கும் இடமான எடுப்பில் சேரும் வரை அந்த விரல்களை விட்டு அகலாதீர்கள்.