இரண்டு தடவை 'குவாத்தமாலா' வந்தால் வரட்டும், அடிக்காதீர்கள்

கேள்வி: என் மகள் ஆறு வாரம் ஸ்பானிஷ் படிக்கக் குவாத்தமாலா போகிறாள். பள்ளிக் கடிதத்தில் ஊர் 'லா ஆன்டிகுவா குவாத்தமாலா' என்று இருக்கிறது. ஏஜென்ட் கொடுத்த பயண விவரத்தில் 'ஆன்டிகுவா' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் ஏ.என்.யூ. என்று மூன்று எழுத்து. கேட்டால், "எல்லாம் ஒரே ஊர்தான், இங்கிலீஷில் சுருக்கி எழுதுவோம்" என்கிறார். முன்பணம் கட்டிவிட்டோம். விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது?

பதில்: அம்மா, விண்ணப்பம் கொஞ்சம் இருக்கட்டும். மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஏ.என்.யூ. என்பது கரீபியன் கடலில் இருக்கும் ஆன்டிகுவா தீவின் விமான நிலையம். கிரிக்கெட்டில் லாரா 375-ம் 400-ம் அடித்த அதே ஆன்டிகுவா. உங்கள் மகள் போகவேண்டிய ஊர் அங்கிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் மேற்கே, குவாத்தமாலாவின் மலைநாட்டில், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிநாட்டு விமானம் எதுவும் அந்த ஊரில் இறங்காது. தலைநகரான குவாத்தமாலா சிட்டியின் லா அவுரோரா நிலையத்தில் இறங்கி, சாலை வழியாக 40 கிலோமீட்டர் போகவேண்டும். டிக்கெட்டில் இருக்கவேண்டிய எழுத்து ஜி.யூ.ஏ.

இந்தக் குழப்பத்துக்கு வேர் ஒரு சொல். ஸ்பானிஷில் 'ஆன்டிகுவா' என்றால் 'பழைய'. அவ்வளவுதான். ஸ்பெயின் ஆட்சியில் இந்த ஊர்தான் தலைநகர். 1773-இல் நிலநடுக்கம் ஊரைச் சிதைத்தது. 1776-இல் தலைநகரைப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மாற்றினார்கள். அது புதிய குவாத்தமாலா, இது பழைய குவாத்தமாலா. ஆகவே வெறும் 'ஆன்டிகுவா' என்று எழுதுவது, ஆட்டோவில் ஏறி "பழைய பஸ் ஸ்டாண்ட்" என்பதற்குப் பதில் "பழைய" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊர் என்ற கட்டத்தில் 'ஆன்டிகுவா குவாத்தமாலா'. நாடு என்ற கட்டத்தில் 'குவாத்தமாலா'. முன்னால் வரும் 'லா'வை ஆங்கிலத்தில் விட்டுவிடலாம். மாநிலம் அல்லது மாவட்டம் என்று கட்டம் இருந்தால் 'சகாதெபெகெஸ்' என்று கட்டாயம் நிரப்புங்கள். அந்தப் பெயர் தீவில் இல்லை.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். 'ஆன்டிகுவா குவாத்தமாலா, குவாத்தமாலா' என்று பார்த்ததும், தெரியாமல் இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை அடித்துவிடும் ஆட்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அடுத்து கம்ப்யூட்டரில் தட்டுபவர் முதல் நாலு எழுத்து போடுவதற்குள் திரை தீவைக் காட்டும், அவரும் அழுத்திவிடுவார். யுனெஸ்கோ 1979-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதுகூட ஊரின் பெயர் 'ஆன்டிகுவா குவாத்தமாலா' என்றுதான் பதிவானது. அதைச் சுருக்க இவர்கள் யார்? நிரப்பிய படிவத்தை அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை வாங்கிப் படியுங்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாலும் பெயரை மொழிபெயர்க்க விடாதீர்கள். 'பழைய நகரம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது வேறு ஊர். 'பழைய நகரம்' என்றே பொருள்படும் சியுதாத் வியேஹா சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1541-இல் எரிமலைச் சரிவிலிருந்து வந்த சேற்று வெள்ளத்தில் அழிந்த, அதற்கும் முந்தைய தலைநகர் இருந்த இடம் அந்தப் பக்கம்தான்.

வெறும் 'ஆன்டிகுவா' சரியாக இருக்கும் இடமும் உண்டு: குவாத்தமாலா நாட்டுக்குள் காலடி வைத்த பிறகு. அங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. தலைநகரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் நடத்துநர் கத்துவதும் 'ஆன்டிகுவா'தான், வேனின் பலகையில் இருப்பதும் அதுதான். இன்னொன்று, அங்கே பஸ்ஸில் 'குவாத்தமாலா' என்றோ 'குவாத்தே' என்றோ இருந்தால் அது நாடு இல்லை, தலைநகர். உங்கள் மகள் ஊர் திரும்பும் நாளில் அந்தப் பஸ்தான் தலைநகர் வரும். காப்பிப் பொட்டலத்திலும் வெறும் 'ஆன்டிகுவா' என்றிருந்தால் அந்த மலைச்சரிவில் விளைந்த காப்பி என்று பொருள். காப்பி வியாபாரத்தில் யாரும் தீவை நினைக்கமாட்டார்கள். உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. தீவை ஆங்கிலத்தில் 'ஆன்டீகா' என்பார்கள், 'வா' கேட்காது. மலை ஊரில் 'வா' நன்றாகக் கேட்கும். நம் பத்திரிகைகள் கிரிக்கெட் எழுதி எழுதித் தீவுக்கும் 'வா' சேர்த்துவிட்டன.

அப்புறம் உங்கள் ஏஜென்ட். அவர் கொடுத்த தாளில் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது டிக்கெட்டே இல்லை, சும்மா பிடித்துவைத்த இடம். ஊரை மாற்றுவதற்கு ரத்துக் கட்டணம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். எண் இருந்தால், அவர் செய்த தவறு இது என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். புது டிக்கெட் எந்த வழி என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட, வெளியே வராவிட்டாலும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். இரண்டு மணிநேரம் நாற்காலியில் உட்கார ஒரு விசா. என்ன செய்ய, விதி அப்படி. இதைச் சொல்லாமல் மலிவு டிக்கெட் விற்பவர்கள் நிறைய.

கடைசியாக, தங்கும் இடத்தின் முகவரியைப் பாருங்கள். 'சோனா 10' (அதாவது 10-வது மண்டலம்) மாதிரி சோனா எண் இருந்தால் அது பெரும்பாலும் தலைநகரத்து முகவரி. ஆன்டிகுவாவின் நடு ஊரில் தெரு எண்ணும் திசையும்தான் இருக்கும்: '5-வது அவெனிதா நோர்த்தே' என்பது போல. அப்படி இல்லையென்றால் பள்ளிக்கே நேராக எழுதிக் கேளுங்கள், ஏஜென்டிடம் கேட்கவேண்டாம்.