தம்பி, நிறத்தை விடுங்கள், காரின் அடியைப் பாருங்கள்

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியை நேற்று இரவு வேலை முடிந்து வந்துதான் வாசித்தேன். கனடாவுக்கு வந்து பத்து மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வாடகைக்கு இருக்கிறீர்கள், இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது, லைசன்ஸும் எடுத்தாகிவிட்டது, இனி ஒரு நல்ல நடுத்தர அளவு லக்சறி செடான் வேண்டும். பி.எம்.டபிள்யூ 5 சீரிஸா, பென்ஸ் ஈ கிளாஸா, லெக்சஸ் ஈ.எஸ்ஸா, புதிதா பழையதா, நாலு சில்லும் இழுக்கிற கார் கட்டாயமா, எந்த நிறம் எடுத்தால் பிறகு விற்கச் சுலபம் என்று வரிசையாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு டீலர் மூன்று வருடம் ஓடிய, 5 சீரிஸில் வருகிற 530ஐ ஒன்றைக் காட்டி, விலை 38,000 டொலர், முற்பணம் ஒன்றும் வேண்டாம், 9 வீத வட்டி, 84 மாதம், "இரண்டு கிழமைக்கு ஒருக்கால் 319 டொலர்தான்" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த 319 என்ற எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

நிறத்தை நீங்களும் மனைவியும் பேசி முடிவெடுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நாலு சில்லும் இழுக்கிற கார் பனியில் கிளம்ப உதவும், நிற்க உதவாது. நிற்பதற்கு வின்ரர் ரயர் வேண்டும். குளிர் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் போகும், பனி விழுந்தால்தான் மாற்றவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 முதல் நம் ஒன்ராறியோ மாகாணத்தில் விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சரி, இனி முக்கியமான கதைக்கு வருகிறேன்.

முதலில் அந்த 319. 38,000 டொலருக்கு மேல் 13 வீதம் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி, அது 4,940. ஆக லோன் 42,940இல் தொடங்குகிறது. 9 வீதத்தில் 84 மாதம் என்றால் மாதம் 691 டொலர் வரும். டீலர் உங்களுக்கு 691 என்று சொல்லமாட்டார், ஏனென்றால் 691 என்றால் நீங்கள் கதிரையை விட்டு எழும்பிவிடுவீர்கள். இரண்டு கிழமைக் கணக்கில் சொன்னால் காதுக்குச் சின்னதாக இருக்கும், மாதம் இரண்டு தடவை, வருடம் 24 தடவை என்று மனம் கணக்குப் போடும், ஆனால் கட்டுவது 26 தடவை. ஏழு வருடம் முடிய 58,000 டொலர் கட்டியிருப்பீர்கள், அப்போது காருக்குப் பத்து வயது. நடுவில் மூன்றாம் வருடம் பிள்ளை பிறந்து பெரிய வண்டி தேவைப்பட்டால், காரின் பெறுமதியை விட லோன் பாக்கி கூடுதலாக இருக்கும். அந்தப் பாக்கியை அடுத்த காரின் லோனுக்குள் சேர்த்து விடலாம் என்று அதே டீலர் சிரித்துக்கொண்டு சொல்வார். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, ஓட்டாத காருக்கும் காசு கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் பக்கத்து ஊர்களான மார்க்கம், ஏஜாக்ஸ் இரண்டிலும் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன.

இதை நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம், ஏனென்றால் நாங்கள் வந்த இடம் அப்படி. இலங்கையில் கார் என்பது காணி மாதிரி ஒரு சொத்து. இறக்குமதி வரி அவ்வளவு, போதாததற்கு 2020 மார்ச்சில் இறக்குமதியையே நிறுத்தி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்துவிட்டார்கள். இடையில் வாங்கிய விலையை விடக் கூட விலைக்குப் பழைய காரை விற்ற சனம் எத்தனை. நீங்கள் அந்தக் காலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், கார் வாங்கினால் காசு எங்கேயும் போகாது என்ற எண்ணம் உள்ளுக்குள் இருக்கும். இங்கே அப்படியில்லை தம்பி. புதுக் காரை டீலரின் முற்றத்தை விட்டு வெளியே எடுத்த நிமிடத்தில் இருந்தே விலை இறங்கத் தொடங்கும், லக்சறி காருக்கு இன்னும் வேகமாக இறங்கும்.

அடுத்தது இன்சூரன்ஸ். காரைப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் கேட்காதீர்கள், இன்சூரன்ஸ் விலையைக் கேட்டுவிட்டுக் காரைப் பாருங்கள். காரின் வின் இலக்கத்தை, அதாவது ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள இலக்கத்தை, டீலரிடம் வாங்கி, ஒரு இன்சூரன்ஸ் புரோக்கரிடம் கொடுத்து, உங்கள் முகவரிக்கும் உங்கள் ஓட்ட அனுபவத்துக்கும் மாதம் எவ்வளவு என்று எழுத்தில் எடுங்கள். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டியிருக்கலாம், அதைப் பல கம்பனிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்காபரோவும் பிரம்டனும் அஞ்சல் குறியீட்டைச் சொன்னதுமே விலை ஏறுகிற இடங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இதே மாதிரி வந்த முதல் வருடத்தில் ஒரு ஜெர்மன் கார் எடுத்தார், லோனை விட இன்சூரன்ஸ் கூட வந்தது, ஆறு மாதத்தில் நட்டத்துக்கு விற்றார். அப்புறம் ஒன்று, யாராவது வந்து "பாரி நகரத்தில் இருக்கிற மாமாவின் முகவரியைக் கொடுங்கள், விலை பாதியாகும்" என்று சொல்லுவார்கள். செய்யாதீர்கள். அடிபட்ட அன்றைக்கு அந்தக் கம்பனி நீங்கள் இரவில் எங்கே காரை நிறுத்துகிறீர்கள் என்று விசாரிக்கும், பொய் என்று தெரிந்தால் இழப்பீட்டை மறுக்கலாம், பிறகு வேறு கம்பனி சேர்ப்பதும் கஷ்டம். நம்மவர்களில் இதைக் கெட்டித்தனம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்கள் மேல் கோபம்தான் வரும், ஏனென்றால் அவர்கள் புதிதாக வந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

நான் வந்தது 1998 நவம்பர். ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, பஸ் இல்லாத நேரத்தில் முடியும், விடியும்வரை கன்ரீனில் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். டிசம்பரில் நம்மவர் ஒருவர், ஊர்க்காரர், சொந்தமாகவும் வருவார், 2,300 டொலருக்கு ஒரு கார் தந்தார். வெளியே பளபளவென்று இருந்தது. பாதுகாப்புச் சான்றிதழும் இருந்தது. இங்கே எல்லாரும் "சேஃப்ரி" என்று சொல்கிற கடதாசிதான். அந்தக் கடதாசி அன்றைய நிலையைத்தான் சொல்லும், அது உத்தரவாதம் இல்லை, பதிவுக்கும் 36 நாள்தான் செல்லும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் கொட்டிய பனியை அப்போது இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள், மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டார். அந்தப் பனிக்குப் பிறகு தெருவெல்லாம் பனியை உருக்கத் தூவிய உப்பு, இரும்பைத் துருவேற்றுகிற உப்பு. மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை மார்க்கம் ரோட்டில் இறங்கி எல்ஸ்மியர் சிக்னலுக்கு வருகிறேன், சிவப்பு விளக்கு, பிறேக்கை மிதித்தால் பெடல் மெதுவாக அடிவரை போய் அங்கேயே நின்றுவிட்டது. கார் வேகம் குறைந்த மாதிரித் தெரியவில்லை. கைப்பிறேக்கை இழுத்து, வலது பக்கம் ஒதுக்கி வைத்திருந்த பனிக்குவியலுக்குள் ஏற்றித்தான் நிறுத்தினேன். சந்தியில் ஒரு பஸ் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

இழுத்துக்கொண்டு போன கராஜில் ஜமேக்காக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும். காரை ஹொயிஸ்டில், அதாவது காரை மேலே தூக்குகிற மேடையில், ஏற்றிவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, அவர் ஆங்கிலமும் எனக்குப் புதிது, அதனால் அவர் கையால்தான் எல்லாவற்றையும் காட்டினார். பிறேக் குழாய் துருவேறி, விரலால் தொட்டால் செதிள் செதிளாகக் கொட்டியது, ஓரிடத்தில் வெடித்து எண்ணெய் வடிந்திருந்தது. பிறகு ஸ்குரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, பிடியால் கதவுக்குக் கீழே உள்ள நீளமான பெட்டிப் பகுதியில், ரொக்கர் என்று சொல்வார்கள், தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங், பிறகு பொத். பொத்தென்ற இடத்தில் கறுப்புத் தார் மாதிரிப் பூசியிருந்தது. அதைச் சுரண்டினார். உள்ளே இரும்பு இல்லை, கண்ணாடி நாரும் பசையும். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே, என் கால் வைக்கிற இடத்தில், பழைய இலக்கத்தகடு ஒன்றைத் தட்டையாக்கி ஆணி அடித்து அதற்கு மேலே தார் பூசியிருந்தார்கள். இலக்கங்களின் மேடுகளைத் தாருக்குள்ளால் விரலால் தடவிப் பார்த்தேன்.

விற்றவரிடம் போனேன், "நானும் அப்படித்தான் வாங்கினேன்" என்றார். அந்தக் காசு மூன்று மாத இரவு வேலை.

ஆகவே, 38,000 டொலர் காரானாலும் எட்டாயிரம் டொலர் காரானாலும், டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கராஜில் ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். நூற்றைம்பது, இருநூறு டொலர் கேட்பார்கள், கொடுங்கள். டீலர் விடமாட்டேன் என்றால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். கறுப்புப் பூச்சு புதிதாகப் பூசி மணக்கிறதா என்று பாருங்கள். பிறேக் குழாய்கள், பின் சில்லுகளைத் தாங்கும் சட்டம், ரொக்கர், கதவின் கீழ் விளிம்பு, இவற்றை ரோர்ச் அடித்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிக் கையை உள்ளே விடுங்கள், ஈரமா என்று. காரின் விபத்து வரலாற்றைச் சொல்கிற கார்ஃபக்ஸ் அறிக்கை அவசியம்தான், ஆனால் துரு அதில் வராது. தனியாரிடம் வாங்குவதானால், பாவித்த வாகனத் தகவல் பொதி என்று சேர்விஸ் ஒன்ராறியோ என்ற அரசாங்க அலுவலகத்தில் 20 டொலருக்கு எடுப்பது, அதை விற்கிறவர்தான் தரவேண்டும், அதில் காரின் மேல் லோன் பாக்கி இருக்கிறதா என்று இருக்கும். வரியை விற்கிற விலைக்கோ மொத்த விற்பனைப் பெறுமதிக்கோ, எது கூடவோ அதற்குத்தான் கட்டவேண்டும், அதனால் கடதாசியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று சொல்கிறவரையும் நம்பவேண்டாம். டீலர் என்றால், கார் டீலர்களைக் கட்டுப்படுத்துகிற ஒம்விக் அமைப்பின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பர விலைக்கு மேல் எச்.எஸ்.ரி.யும் பதிவுக் கட்டணமும் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது என்பது 2010 முதல் இங்கே சட்டம், 3,000 டொலருக்கு மேல் அடிபட்டிருந்தால் அதையும் எழுதித் தரவேண்டும். கையெழுத்து வைத்துவிட்டு நாளைக்கு மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கதை ஒன்று நம் சனத்திடம் உலாவுகிறது. ஒன்ராறியோவில் கார் ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு அவகாசம் கிடையாது. வைத்தால் வைத்ததுதான்.

எந்தக் கார் என்றால், என் கருத்து லெக்சஸ் ஈ.எஸ் 300எச், மூன்று வருடம் ஓடியது, லெக்சஸ் டீலரே சான்றிதழோடு தருவது. சாதாரண 87 ஒக்ரேன் பெற்றோல் போதும், ஜெர்மன் கார்களுக்கு 91 ஊற்றவேண்டும். ஓட்டுகிற சுகம் 5 சீரிஸில்தான் கூட, அதை மறுக்கவில்லை, 401 நெடுஞ்சாலையில் அதை ஒருக்கால் ஓட்டியவனுக்கு மற்றது எல்லாம் கட்டில் மாதிரி இருக்கும். ஆனால் ஜெர்மன்காரர்களின் உத்தரவாதம் 4 வருடம் அல்லது 80,000 கிலோமீற்றர், உங்கள் 530ஐக்கு மிஞ்சியிருப்பது ஒரு வருடம், லோனோ ஏழு வருடம். லெக்சஸில் எஞ்சினுக்கும் கியருக்கும் 6 வருடம், 110,000 வரை இருக்கிறது. விலை குறைவென்று 2012 முதல் 2015 வரை வந்த பி.எம்.டபிள்யூ 528ஐ பக்கம் போகவே வேண்டாம், அதில் உள்ள என்20 எஞ்சினின் ரைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்ரிக் தேய்ந்து உடையும், உடைந்தால் எஞ்சினே போய்விடும். புதுக் கார் வட்டி சில நேரம் பழைய கார் வட்டியை விடப் பாதிக்கும் குறைவு, கம்பனியே போடும், அதனால் இரண்டுக்கும் மொத்தத் தொகையை எழுதி ஒப்பிட்டுவிட்டுத் தீர்மானியுங்கள். லீஸ் எடுக்காதீர்கள், அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும்.

ஆனால் இந்த வருடம் லக்சறி கார் எதையுமே வாங்காமல், ஒரு கொறோலாவோ சிவிக்கோ லோன் இல்லாமல் காசு கொடுத்து எடுத்து, ஒரு வருடம் விபத்தில்லாமல் ஓட்டிவிட்டு வந்தால் இன்சூரன்ஸும் இறங்கும், வங்கியில் உங்கள் பெயரும் நிமிரும். கல்யாண மண்டபத்து வாசலில் கொறோலாவில் போய் இறங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள்தான். பார்க்கட்டும். பென்ஸில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அதற்காக மேலதிகமாக வார இறுதி வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளின் நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்டுக் கட்டுகிறவர்களையும் தெரியும்.

நான் இப்போது ஓட்டுவது ஈ.எஸ்தான், பழையதாக வாங்கியது, 310,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. ஒவ்வொரு அக்டோபரும் அடியில் துருவுக்கு எண்ணெய் அடிப்பேன், இரண்டு நாள் முற்றமெல்லாம் சொட்டும், மனைவி பழைய அட்டைப்பெட்டிகளை விரித்துவைப்பாள். பிறேக் பாட் நானே மாற்றுவேன், அந்த ஜமேக்காக்காரர் காட்டித் தந்ததுதான். சனிக்கிழமைகளில் அவருடைய கராஜில் கூலி வாங்காமல் இரண்டு வருடம் நின்றேன், அவர் ஓய்வெடுத்துப் போகும்வரை. அன்றைக்குப் பிறேக் குழாய் மாற்றியதற்குக் குழாயின் விலையை மட்டும்தான் எடுத்தார், அந்த இலக்கத்தகட்டைக் கழற்றி, தாரைத் துடைத்து என் கையில் தந்தார். கராஜ் சுவரில் இன்னும் தொங்குகிறது.

வருகிற சனி காலை நான் சும்மா. அந்த 530ஐயை எந்தக் கராஜுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று சொல்லுங்கள், ரோர்ச்சோடு வருகிறேன். அதுவரை காரைப் பிடித்து வைக்கவென்று கூட டீலருக்குக் காசு ஒன்றும் கொடுக்காதீர்கள், "திருப்பித் தருவோம்" என்று சொன்னாலும்.