பால் பல்லுதானேன்னு விட்றாதீங்க: சின்னப் பிள்ளைக சொத்தைப் பல் பத்தி சில கேள்விகள்

பையனுக்கு ஒண்ணே முக்கால் வயசு டாக்டர். மேல முன்பல்லுல ஈறு ஓரமா வெள்ளையா கோடு மாதிரி இருக்கு, வலி இல்ல. ராத்திரி புட்டிப்பால் வாயில இருந்தாதான் தூங்குறான். (திருமங்கலம்)

நல்ல நேரத்துல பாத்துட்டீங்கம்மா. அந்த வெள்ளைக் கோடுதான் சொத்தையோட ஆரம்பம், ஓட்டை விழாத வரைக்கும் அதை நிறுத்திரலாம், பல்லைத் திரும்பக் கெட்டிப்படுத்தவும் முடியும். தூக்கத்துல எச்சில் ஊறுறது ரொம்பக் குறைஞ்சிரும், அதனால வாயில நிக்கிற பால் அப்படியே பல்லுமேல கெடக்கும், அதுல சீனி வேற போட்டிருந்தா கிருமி விடிய விடிய ஆசிட் உண்டாக்கிக்கிட்டே இருக்கும். கீழ் முன்பல்ல நாக்கு மூடிக்கிறதால அது தப்பிச்சுக்கும், மேல் பல்லுதான் முதல்ல அடி வாங்கும்.

இன்னைக்கே சீனியை நிறுத்துங்க. பிள்ளை பகல்ல நல்லா சாப்பிடுறான்னா ராத்திரி புட்டியில கொஞ்சங்கொஞ்சமா தண்ணி கூட்டிக்கிட்டே வந்து, கடைசியில வெறும் தண்ணி மட்டும் குடுங்க. நாலு ராத்திரி அழுவான், வீட்ல பெரியவங்க "பிள்ளைய பட்டினி போடுறியா"ன்னு கேப்பாங்க, தளந்துறாதீங்க. பல் டாக்டர்கிட்ட ஃப்ளோரைடு வார்னிஷ், அதாவது பல்லைக் கெட்டிப்படுத்துற பூச்சு மருந்து, தடவச் சொல்லுங்க, வலிக்கவே வலிக்காது, மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருதடவை தடவணும்.

மூணு வயசுப் பொண்ணு, பேஸ்ட்டை முழுங்கிடுறா. ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்கலாமா? (உசிலம்பட்டி)

வேணாம் தம்பி, சொத்தையைத் தடுக்கிறதே அந்த ஃப்ளோரைடுதான். ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் (ppm)னு போட்டிருக்க பேஸ்ட்டா வாங்குங்க, அளவைக் குறைச்சா போதும்: மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, அதுக்கு மேல ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்காதீங்க. உங்க பக்கம் சில ஊர்ல போர் தண்ணியிலயே ஃப்ளோரைடு கூடுதலா இருக்கு, அதனால குடிக்கிற தண்ணிய ஒருதடவை குடிநீர் வாரிய லேப்ல குடுத்துப் பாத்துக்கங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா அந்தத் தண்ணி குடிக்க ஆகாது.

இன்னொண்ணு, அவளே விளக்கட்டும்னு விட்டுராதீங்க. ஏழெட்டு வயசு வரைக்கும் பெரியவங்கதான் விளக்கிவிடணும். தரையில உக்காந்து பிள்ளை தலைய மடியில வச்சு, ஒரு விரலால மேல் உதட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஈறும் பல்லும் சேர்ற இடத்துல வட்டமா தேய்ங்க, அப்பத்தான் உங்களுக்கும் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். ராத்திரி படுக்கப் போறப்ப விளக்குறதுதான் ரொம்ப முக்கியம், அதுக்கப்புறம் தண்ணி தவிர எதுவும் கூடாது.

பேரனுக்கு சாக்லேட்டே வாங்குறதில்ல, கருப்பட்டி மிட்டாயும் தேனும்தான். அப்புறம் ஏன் சொத்தை? (மேலூர்)

ஐயா, கிருமிக்கு சீனி, கருப்பட்டி, தேன் எல்லாமே ஒண்ணுதான். எம்புட்டு திங்கிறாங்கிறதை விட எத்தனை தடவை திங்கிறாங்கிறதுதான் கணக்கு, ஏன்னா ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் போல வாயில ஆசிட் நிக்கும். சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்ததால பல்லு போயிராது, வீட்ல நாள் முழுக்க ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய்னு கையில திணிச்சு அழுகைய அமத்துறதுதான் பல்லைத் திங்குது. இனிப்பு குடுக்கணும்னா சாப்பாட்டோட சேத்துக் குடுத்து முடிச்சிருங்க.

இரும்புச்சத்து டிராப்ஸ் குடுத்ததுல பல்லு கறுத்துருச்சு, நிறுத்திறவா?

நிறுத்தாதீங்க. அது பெரும்பாலும் மேல படிஞ்ச கறைதான், சுத்தம் பண்ணிரலாம். சொத்தை இல்லையான்னு மட்டும் ஒருதடவை காட்டிக்கங்க.

அஞ்சு வயசு, கடவாய்ப்பல்லுல ஓட்டை. விழப்போற பல்லுதானே, அதுக்குப் போயி காசு செலவழிச்சு அடைக்கணுமா? (மதுரை)

முன்பல்லுதான் ஆறேழு வயசுல விழும். பால் கடவாய்ப்பல்லு பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணும், பிள்ளை மெல்லுறதே அதுலதான். முன்னாடியே பிடுங்கிட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு இடத்தை அடைச்சுக்கும், புதுப்பல்லு கோணலா வரும். சீழ் பிடிச்சா அடியில வளர்ற பல்லையும் கெடுத்துரும். அடைக்க ஒத்துழைக்காத பிள்ளைக்கு சில்வர் ஃப்ளோரைடு மருந்து தடவியே சொத்தைய நிறுத்தலாம், சொத்தையான இடம் கறுப்பாயிரும், ஆனா ஊசி கிடையாது. ஆறு வயசு வாக்குல இதுக்குப் பின்னாடி முளைக்கிறது ஆயுசுக்கும் இருக்கப்போற பல்லு, அதையும் பால் பல்லுன்னு நெனச்சு விட்டுறாதீங்க.

கன்னம் வீங்கி காய்ச்சலும் வந்துச்சுன்னா கிராம்பு எண்ணெய், ஒத்தடம்னு நாளைக் கடத்தாம அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போயிருங்க.