வாசலில் நின்றவர்

ஐயா,

மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றில் உழைப்பைப் பற்றிய கலைக் கண்காட்சி பார்த்தேன். துருப்பிடித்த இயந்திரங்களுக்கு நடுவே சிற்பங்கள், வீடியோக்கள். மனம் நெகிழ்ந்துவிட்டது. உடன் வந்த நண்பரோ, "வேலை பறிபோன இடத்தை அழகு பார்க்கிறார்கள்" என்று கோபப்பட்டார். வாசலில் இருந்த காவலாளிகூட முன்பு அங்கேயே வேலை பார்த்தவராம். இது கலையா, வெறும் ஏக்கமா?

க.

அன்புள்ள க.,

கலையா ஏக்கமா என்பது இருக்கட்டும். நண்பரின் கோபம் நியாயம்தான்; ஆனால் கட்டடத்தை இடித்துப்போட்டாலும் போன வேலை திரும்பாது.

என்னை உறுத்துவது "வேலை பார்த்தவராம்" என்ற சொல்லின் கடைசி 'ஆம்'. அவர் சொன்னதா, யாரோ சொல்லிக் கேட்டதா? எந்த மிஷினில் நின்றார், எத்தனை வருஷம்? உழைப்பைப் பார்க்கப் போன நீங்கள் உழைத்தவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறீர்கள். நெகிழ்ந்த மனதுக்கு இரண்டு கேள்வி கேட்கத் தோன்றவில்லையா?

சில நாட்களாக இதே நினைப்புதான் எனக்கு. 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் (அதுவும் பழைய மின்நிலையம்தான்) சீனக் கலைஞர் ஐ வெய்வெய் சுமார் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். சீனாவின் ஜிங்டெஜென்னில் 1,600 பேருக்கு மேல் உட்கார்ந்து கையால் செய்து தீட்டியவை. விதைகள் மேல் நடக்கலாம் என்றுதான் திறந்தார்கள். தூசி உடம்புக்கு ஆகாது என்று சில நாட்களிலேயே தடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களின் நுரையீரலை உடனே நினைத்தார்கள், நல்லது. பீங்கான் தூசியிலேயே வாழ்நாளைக் கழிக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்களே! அந்த 1,600 பேரில் ஒருவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

என் அப்பா இரும்பைக் கடையும் லேத்தில் டர்னர். ஜாப் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடைந்த துண்டைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவுவார். மைக்ரோமீட்டரால் அளப்பதெல்லாம் அப்புறம்தான். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே குறை இருக்கும். சூட்டில் நீலம் பாரித்த இரும்புச் சுருள்களை எனக்கு விளையாடக் கொண்டுவருவார், முனையை மட்டும் அரத்தால் மழுக்கி. அந்த விரலுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

கண்காட்சி இன்னும் நடக்கிறதென்றால் மறுபடி போங்கள். இந்தமுறை உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் அவரோடு உட்காருங்கள், சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், அவர் பெயரோடு.