மேலூர் அரசுக் கல்லூரியா, கோவைத் தனியார் கல்லூரியா? மகளை எங்கே சேர்ப்பது?

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகளுக்கு மேலூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியிலும் அதே படிப்புக்கு இடம் இருக்கிறது, விடுதியோடு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஆகும். கடன் வாங்கியாவது கோவைக்கு அனுப்பலாமா என்பது கேள்வி.

மேலூரிலேயே சேருங்கள். வைத்திருக்கும் பணத்தை எம்.எஸ்சி.க்குப் பத்திரப்படுத்துங்கள். நானும் மதுரை மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் கணிதம் படித்தவன்தான். அந்தப் பாசத்தைக் கழித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கணிதத்துக்கு ஆய்வகம் வேண்டாம். கரும்பலகையும் ஒழுங்காக வகுப்புக்கு வரும் இரண்டு ஆசிரியர்களும் போதும். மிச்சத்துக்கு என்பிடெல் என்ற இணையத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எம்.எஸ்சி.க்காக ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வோ, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான கியூட் தேர்வோ, எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. ஊரை விட்டு அனுப்புவதென்றால் அந்த மாதிரி இடத்துக்கு அனுப்புங்கள். பி.எட். முடித்து ஆசிரியர் வேலை, இல்லை டி.என்.பி.எஸ்.சி. என்றாலும் இதே கதைதான். இதுவே இயற்பியலோ கணினி அறிவியலோ என்றால் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடன் விஷயம். மூன்று வருஷத்துக்கு நாலரை லட்சம். நாலு லட்சம் வரை வங்கி அடமானம் கேட்காது, ஆனால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பணம் கொடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும். படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கும், அதாவது மகள் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருக்கும்போது. தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம், வட்டி நிற்காது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவள் என்றால், மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் உதவித்தொகை கோவைக்குப் போனாலும் வரும், அதை மேலூர்க் கணக்கில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். மேலூரில் மிச்சமாவது கல்விக் கட்டணமும் விடுதியும்தான். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது.

அரசுக் கல்லூரிகளில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பணியிடங்கள் காலியாகக் கிடக்கும், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுவார்கள். அவர்களில் பிரமாதமாக நடத்துகிறவர்கள் உண்டு, பாவம், சம்பளம்தான் குறைவு. அதனால் ஒரு வேலைநாளில் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். அலுவலகத்தில் கேட்காமல், கணிதத் துறை வராந்தாவில் நிற்கும் மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "ரியல் அனாலிசிஸ் யாரும்மா எடுக்குறாங்க? போன வருஷம் யாராச்சும் எம்.எஸ்சி. போனாங்களா?" டக்கென்று ஓர் ஆசிரியர் பெயர் வந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால் யோசியுங்கள்.

கோவைக் கல்லூரியிலும் இதையே கேளுங்கள். நாலுவழிச்சாலை விளம்பரப் பலகையில் இருக்கும் வேலைவாய்ப்புக் கணக்கு பெரும்பாலும் எல்லாத் துறைக்கும் சேர்த்துத்தான் இருக்கும். பி.எஸ்சி. கணிதத்தில் மட்டும் எத்தனை பேர், என்ன சம்பளம் என்று கேளுங்கள். அங்கே நிஜமாகவே கிடைக்கக்கூடியது ஆங்கிலப் பேச்சும் ஐ.டி. நிறுவனங்களின் வளாகத் தேர்வும். மகளுக்கு டிகிரி முடித்ததும் வேலைதான் வேண்டும், மேலே படிக்கும் எண்ணமே இல்லை என்றால் என் பதில் பாதி ஆட்டம் காணும். அவளிடம் கேட்டீர்களா? கேள்வியில் அது இல்லை. தமிழ் வழியில் படித்தவள் என்றால் முதல் செமஸ்டரிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும், ஜாம் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும்.

நீங்கள் யோசிக்காத மூன்றாவது வழியும் இருக்கிறது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், பாத்திமா எல்லாம் அரசு உதவி பெறும் கல்லூரிகள். உதவி பெறும் பிரிவில் கட்டணம் குறைவு. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவு என்றால் கூடுதல், விண்ணப்பிக்கும்போது எந்தப் பிரிவு என்று பார்த்துக் குறியுங்கள். தினமும் போய்வர முடியாது என்றால் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் மாணவியர் விடுதிகளில் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

எல்லாம் யோசித்தபின் கோவைதான் என்று முடிவானால் அசல் சான்றிதழ்களை அங்கே கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லியிருக்கிறது.