உயிர்வேலி அடியில் மொட்டையாகிவிட்டதா? பிடுங்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பசுமை வேலிக்கு ஏழு வயது. மேலே நல்ல அடர்த்தி. முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சிதான். வெட்ட வருபவர் “ஆயுள் முடிந்துவிட்டது, பிடுங்கிவிட்டுப் புதிதாக வைக்கலாம்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், அவருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். வெட்டுக்கூலியைவிடப் பிடுங்கி நடுவதில் வருமானம் அதிகம். அதனால் வேலி இளைத்தாலே ‘ஆயுள் முடிந்தது’ என்பார்கள். ஏழு வயதெல்லாம் ஒரு வயதா? அடித்தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அடி மொட்டையானதற்குக் காரணம் வெயில் படாததுதான். உச்சியை அகலமாக விட்டு, பக்கங்களைச் செங்குத்தாகச் சீவினால், மேல்தழை குடைபோல விரிந்து கீழ்த்தழையைப் பட்டினி போடும். அடி அகலம், நுனி குறுகல், இதுதான் சரியான வடிவம். அடியில் 60 செ.மீ. என்றால் உச்சியில் 40 செ.மீ. போதும். கயிறு கட்டி, சாய்வு பார்த்து வெட்டச் சொல்லுங்கள். இது தெரியாமல் ‘அடியில் துளிர்க்க வைக்கும்’ டானிக்கை வாங்கித் தெளிப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வெயிலைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

உங்களுடையது செம்பருத்தி, டுராண்டா போன்ற அகன்ற இலைச் செடியானால், வளரும் பருவம் தொடங்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் உள்தண்டு வரை ஒட்ட வெட்டுங்கள். அது நன்றாகத் துளிர்த்த பிறகு, அடுத்த ஆண்டு மறுபக்கம். இரண்டையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் செடி திணறிப்போகும். வெட்டியதும் தண்ணீர், வேரடியில் காய்ந்த இலைதழை போட்டு மூடாக்கு. பறவைக் கூடு இருந்தால் குஞ்சு பறந்துபோகும்வரை பொறுங்கள்.

இனி நான் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். துஜா, சைப்ரஸ் போன்ற ஊசியிலை, செதில் இலை வேலிகளுக்கு மேலே சொன்ன ஒட்ட வெட்டு ஆகவே ஆகாது. அவற்றின் பழுப்பேறிய பழைய கொப்பிலிருந்து மறுபடி துளிர் வராது. பச்சைத் தழையைத் தாண்டி உள்ளே கத்தரி போனால் அந்த ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். அந்த வகையில் யூ (yew) மரம் போன்ற மிகச் சிலதான் பழைய தண்டிலிருந்தும் தயங்காமல் துளிர்க்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கிளையை விலக்கிப் பாருங்கள்: பச்சை எங்கே முடிந்து பழுப்பு எங்கே தொடங்குகிறதோ, அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியிலேயே கத்தரி நின்றுவிட வேண்டும். ஆண்டுதோறும் இளந்தழையை மட்டும் சீவுங்கள். அடி ஏற்கெனவே மொட்டை என்றால், அங்கே நிழல் தாங்கும் குட்டைச் செடி வைத்து மறைப்பதுதான் வழி.

விற்கும்போதே பெயர்ச்சீட்டு கட்டிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. மாத்திரை அட்டையில் பெயர் இல்லாவிட்டால் வாங்குவோமா? இருபது ஆண்டு நிற்கப்போகும் செடியை மட்டும் ‘வேலிச் செடி’ என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள், கேட்பார் இல்லை. வெட்டு ஒப்பந்தங்களும் அப்படித்தான். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், சாய்வு பார்க்க யார் நிற்பார்கள்?

இப்போதைக்கு ஒரு கொப்பை இலையோடு ஒடித்து, செடி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பெயர் தெரியும்வரை யாரையும் கத்தரி வைக்க விடாதீர்கள்.