தோளில் போர்த்தும் குயில்ட்: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகியர் பலர் தங்கள் ஊர்த் தையல் குழுக்களில் சேர்ந்து, முன்னாள் படைவீரர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் குயில்ட். ஒட்டுத்தையல் போட்ட மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, பின்துணி என்று மூன்று அடுக்கு; மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குயில்டிங். அது தொடர்பாக வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

எடிசன் வாசகி: மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே நூலகத்தில் வாரம் ஒருநாள் பெண்கள் கூடி சிவப்பு, வெள்ளை, நீலத் துணிகளில் போர்வை தைக்கிறார்கள். ஏழை வீரர்களுக்குத் தானமா இது?

தானம் இல்லை. அந்த வார்த்தையை அவர்களிடம் சொன்னால் உடனே திருத்துவார்கள். 2003-இல் டெலவேர் மாநிலத்து சீஃபோர்ட் ஊரில் கேத்தரின் ராபர்ட்ஸ் என்ற பெண்மணி ‘குயில்ட்ஸ் ஆஃப் வேலர்’ (வீரத்துக்கான குயில்ட்) என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவர் மகன் இராக்கில் படைப்பணியில் இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில், வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், இராக்கில் காலை இழந்த இளம் வீரர் ஒருவருக்கு முதல் குயில்ட் போர்த்தப்பட்டது. இன்றைக்கு வழங்கப்பட்ட குயில்டுகளின் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது.

போரின் தாக்கத்துக்கு ஆளான வீரருக்கு நன்றி சொல்வதுதான் நோக்கம். பெறுபவரின் வருமானத்தை யாரும் பார்ப்பதில்லை. பதக்கம் வழங்குவதுபோல இதை ‘வழங்குகிறார்கள்’. அளவு, துணி, தையல் எல்லாவற்றுக்கும் இத்தனை கறார் இருப்பதும் அதனால்தான். வீட்டில் மிஞ்சிய துணியை ஒட்டி அனுப்பும் இடம் இதுவல்ல.

டாலஸ் வாசகி: முதல்முறை தைக்கப்போகிறேன். எந்த அளவு? எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

குறைந்தது 55-க்கு 65 அங்குலம், அதிகம் போனால் 72-க்கு 90. நடுவில் 60-க்கு 80 சுற்றுவட்டாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 55-க்கு 65 தைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். துவைத்தபின் அளந்தால் 53-க்கு 62 நிற்கும்.

முதல் குயில்டுக்கு முக்கோணம், நட்சத்திரம் எல்லாம் வேண்டாம். ‘ரெயில் ஃபென்ஸ்’ என்ற வேலி மாதிரியை எடுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றிலும் மூன்றரை அங்குல அகலத்தில் பட்டிகள் வெட்டி, நிறத்துக்கு ஒன்றாக மூன்றையும் பக்கவாட்டில் தைத்தால் ஒன்பதரை அங்குல அகலத் தொகுப்பு கிடைக்கும். அதிலிருந்து ஒன்பதரைச் சதுரங்கள் வெட்டி, ஒன்றை நிறுத்தியும் அடுத்ததைப் படுக்கவைத்தும் மாற்றி மாற்றி இணைக்க வேண்டும். குறுக்கே 6, நெடுக்கே 8, ஆக 48 சதுரம். ஒரு தொகுப்பில் 4 சதுரம் வரும், எனவே 12 தொகுப்பு.

கரை நீங்கலாக 40 அங்குல அகலம் தேறும் துணி என்றால் கணக்கு இது: ஒவ்வொரு நிறத்திலும் 12 பட்டிக்கு 42 அங்குலம், அதாவது ஒன்றேகால் கஜம் போதும். ஆனால் கடையில் கோணலாக வெட்டிக் கொடுத்தால் நேராக்குவதிலேயே இரண்டு மூன்று அங்குலம் போய்விடும், ஒன்றரையாக வாங்கிவிடுங்கள். சுற்று பார்டர் மூன்றரை அங்குலத்தில் 7 பட்டி, முக்கால் கஜம். ஓரம் மடிக்கும் பைண்டிங் இரண்டரை அங்குலத்தில் 8 பட்டி, அதுவும் முக்கால். தைத்து முடித்தால் 60-க்கு 78.

பின்பக்கத் துணிக்கு 5 கஜம். நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக, 68-க்கு 86 வேண்டும். 4 கஜத்தை இரண்டாக வெட்டிப் படுக்கைவசத்தில் இணைத்தால் மிச்சமாகுமே என்று தோன்றும். இணைத்துப் பாருங்கள், உயரம் 80-ஐத் தாண்டாது.

ராலே வாசகி: வேலி மாதிரிதான் தைத்தேன். சதுரங்களைச் சேர்க்கும்போது ஒரு பக்கம் கால் அங்குலம் குறைகிறது. வெட்டும் அளவு சரிதான். எங்கே தப்பு?

தையலில்தான். இங்கே மூட்டுக்கு விடும் துணி சரியாகக் கால் அங்குலம். நம்மூர் ரவிக்கைத் தையலில் பிரித்துவிடுவதற்காக ஒரு அங்குலம் விட்டுப் பழகிய கைக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு மூட்டில் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தீர்கள் என்று வையுங்கள். மூட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால் அங்குலம் போகும். மூன்று பட்டியில் இரண்டு மூட்டு, ஆக கால் அங்குலம் காணாமல் போய்விடும். தொகுப்பின் அகலம் ஒன்பதேகால் ஆகிவிட்டது. நீங்கள் நீளத்தை மட்டும் ஒன்பதரைக்கு வெட்டினீர்கள். ஒன்றை நிறுத்தி ஒன்றைப் படுக்கவைத்தால் எப்படிப் பொருந்தும்?

நடுப்பட்டியை அளந்தால் குட்டு வெளிப்படும். இரண்டு பக்கமும் தைத்தபின் அது துல்லியமாக மூன்று அங்குலம் இருக்க வேண்டும். இரண்டே முக்கால் சொச்சம் இருந்தால் ஊசியைத் துணியின் விளிம்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். உண்மையில் கால் அங்குலத்துக்கு ஓர் இழைப் பருமன் குறைவாகவே தைக்க வேண்டும், மூட்டைத் திருப்பும் மடிப்பு அந்த ஓர் இழையைத் தின்றுவிடும்.

48-ம் தைத்து முடித்தாயிற்றா? பிரிக்க வேண்டாம். எல்லாச் சதுரத்தையும் ஒன்பதேகாலுக்கு வெட்டிவிடுங்கள். பார்டரோடு சேர்த்து 58½-க்கு 76 வரும், அளவுக்குள்தான் இருக்கிறது. வேலி மாதிரியைப் புதியவர்களுக்குச் சொல்வதே இந்த மன்னிக்கும் குணத்துக்காகத்தான்.

இன்னொன்று, தொகுப்பு வாழைப்பழம்போல வளைந்திருந்தால் காரணம் இஸ்திரிப் பெட்டி. வேட்டிக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். முதல் மூட்டை மேலிருந்து கீழே தைத்தால் அடுத்ததைக் கீழிருந்து மேலே தையுங்கள். வளைவு பாதியாகக் குறையும்.

ஃப்ரீமான்ட் வாசகி: அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைச் சேர்க்கலாமா?

ஆசை நியாயமானது, ஆனால் இதில் வேண்டாம். சேலைப் பருத்தி மெல்லிசு; பக்கத்தில் இருக்கும் கனத்த குயில்ட் துணி அதை இழுத்து மூட்டோரம் கிழித்துவிடும். சுருங்கும் அளவும் வேறு. அந்தச் சேலையை வீட்டுக்கென்று தைக்கும் போர்வைக்கு வையுங்கள்.

சிகாகோ வாசகி: துவைத்தேன். சிவப்பு இறங்கி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. அழுகையாக வருகிறது.

உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் பயப்பட வேண்டாம். துணி காய்வதற்கு முன்பே, குயில்ட் தாராளமாக மூழ்கும் அளவு தொட்டியில் நல்ல வெந்நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் நிறமற்ற திரவ சோப்பு அரை கப் விட்டு, முழுக்க அமுக்கி 10–12 மணி நேரம் ஊறவிடுங்கள். மேலே மிதக்கும் மூலையில் கறை தங்கிவிடும், ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு அமுக்குங்கள். தண்ணீர் சிவந்திருந்தால் கொட்டிவிட்டுத் திரும்பவும் அதே வேலை. தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை ஆகலாம். இறங்கின சாயம் மறுபடி துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே மிதக்க வைப்பதுதான் இதில் சூட்சுமம். குறைந்த தண்ணீரில் ஊறவைத்தால் பலிக்காது.

1960-களில் நம் மெட்ராஸ் செக் துணியைச் சாயம் போவதே அதன் அழகு என்று சொல்லி அமெரிக்காவில் விற்றார்கள். குயில்டில் அந்தச் சாமர்த்தியம் எடுபடாது. அடுத்த முறை, வெட்டுவதற்கு முன்பே சிவப்பிலும் கருநீலத்திலும் ஒரு துண்டு எடுத்து, சோப்பு ஒரு சொட்டு விட்ட வெந்நீர்க் கண்ணாடி டம்ளரில் அரை மணி போட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணி முழுவதையும் முதலில் துவைத்தாக வேண்டும். முடிந்த குயில்டைக் குளிர்ந்த நீரில், சாயம் பிடிக்கும் தாள் இரண்டு மூன்று போட்டுத் துவையுங்கள். துவைக்காமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் துவைக்காவிட்டால் இந்த விபத்து அந்த வீரர் வீட்டில் நடக்கும்.

ஆஸ்டின் வாசகி: மேல்துணியை லாங்ஆர்ம் இயந்திரம் (குயில்டைச் சட்டத்தில் மாட்டி அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது) வைத்திருக்கும் தன்னார்வலரிடம் கொடுத்தேன். ‘பார்டர் அலைபாய்கிறது’ என்று திருப்பிவிட்டார்.

அவர் செய்தது சரி. பார்டர் பட்டியை ஓரத்தில் வைத்து நேரே தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதை வெட்டியிருப்பீர்கள். ஓரம் எப்போதும் இழுபட்டு நீண்டிருக்கும், பட்டியும் கூடவே நீளும். சட்டத்தில் மாட்டி இழுத்தால் நடு விறைப்பாகவும் ஓரம் பாவாடைச் சுருக்கம் போலவும் நிற்கும். அதன்மேல் ஊசி ஓடினால் மடிப்பு விழும். பார்டரைப் பிரித்து, குயில்டின் நடுவிலும் இரண்டு பக்கமும் சற்று உள்ளே தள்ளியும் மூன்று இடத்தில் அளந்து, சராசரி நீளத்துக்குப் பட்டியை முதலில் வெட்டிவிடுங்கள். நடுவும் முனைகளும் பொருந்தக் குண்டூசி குத்தி, பிறகு தையுங்கள்.

கொடுக்கும்போது மேல்துணி, பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பு, பின்துணி மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அடுக்கிக் குத்தி அனுப்பினால் அவர் உட்கார்ந்து கழற்றவேண்டி வரும். உள்பக்கம் தொங்கும் சிவப்பு நூல்களை வெட்டிவிடுங்கள். வெள்ளைக்கு அடியில் அகப்பட்ட ஒரு நூல், குயில்டிங் முடிந்தபிறகு நரம்புபோலத் தெரியும், எடுக்கவே முடியாது.

கொலம்பஸ் வாசகி: மெஷின் இல்லை. அடுக்குகளை நூலால் ஆங்காங்கே முடிச்சுப்போட்டால் ஏற்பார்களா?

முடிச்சுக் குயில்ட் ஏற்கப்படாது. பலமுறை துவைத்தால் முடிச்சுக்கு நடுவே பஞ்சு நகர்ந்து கட்டியாகிவிடும். கையால் ஓட்டுத்தையல் போடலாம். அதற்கும் பொறுமை இல்லையென்றால் குழுவில் வெட்டவும் இஸ்திரி போடவும் ஆள் பஞ்சம்தான், தயங்காமல் போங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் சனிக்கிழமை நாடு முழுக்கச் சேர்ந்து தைக்கும் நாள். அன்றைக்குப் போனால் யாரும் உங்களை வெறுங்கையோடு உட்கார விடமாட்டார்கள்.

டாலஸ் வாசகர்: அமெரிக்கக் கொடி அச்சிட்ட துணி பொருத்தமாக இருக்குமே?

கொடியைப் படுக்கை விரிப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடி விதி சொல்கிறது. அச்சுத் துணிக்கு அது பொருந்துமா என்று அங்கேயே விவாதம் உண்டு. ஆனால் கொடி விஷயத்தில் முன்னாள் வீரரைவிடக் கூர்மையாகப் பார்ப்பவர் யார்? நிறமும் நட்சத்திரமும் போதும், கொடி வேண்டாம்.

எடிசன் வாசகி: லேபிளில் என்ன எழுதுவது?

‘குயில்ட் ஆஃப் வேலர்’ என்ற பெயர், பெறுபவர் பெயர், மேல்துணி தைத்தவர், குயில்டிங் செய்தவர், பைண்டிங் போட்டவர் பெயர்கள், ஊர், வழங்கும் தேதி. பெறுபவர் யாரென்று தெரியாவிட்டால் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு, வழங்கும் நாளுக்கு முன் நிரப்புங்கள். சாதாரணப் பேனா மை நான்கு சலவையில் மறைந்துவிடும். துணிக்கென்று விற்கும் நிறமிப் பேனாவால் எழுதி, மேலே துணி வைத்துச் சூடாக அழுத்துங்கள். லேபிளின் இரண்டு விளிம்புகளைப் பின்பக்கக் கீழ்மூலையில் பைண்டிங்குக்குள் செருகித் தைத்தால் உரிந்து வராது. பெயரின் எழுத்துகளைக் குடும்பத்தாரிடம் கேட்டு இரண்டு முறை சரிபாருங்கள். எல்லாம் முடிந்தபிறகு பெயர் தப்பென்று தெரிவதைப்போன்ற சங்கடம் வேறில்லை.

ராலே வாசகர்: எங்கள் தெருவில் வியட்நாம் போருக்குப் போன தாத்தா ஒருவர் இருக்கிறார். சக்கர நாற்காலி. அவருக்கு வழங்க என்ன செய்ய வேண்டும்? நாளன்று எப்படி நடந்துகொள்வது?

அமைப்பின் இணையதளத்தில் பரிந்துரைப் படிவம் இருக்கிறது. நிரப்பினால் உங்கள் வட்டாரக் குழுவுக்குப் போகும். கைவசம் குயில்ட் இருப்பதைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆச்சரியப்படுத்துகிறோம் என்று திட்டமிடாதீர்கள். போரைப் பார்த்தவருக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஏதோ தோளில் விழுவது சந்தோஷமான அனுபவம் ஆகாது. பலூனும் பட்டாசுச் சத்தமும் அப்படித்தான். என்ன நடக்கப்போகிறது என்று முன்பே சொல்லி, எதிரில் நின்று விரித்துக் காட்டி, ‘போர்த்தலாமா?’ என்று கேட்டுவிட்டு, இருவர் இரண்டு மூலையைப் பிடித்துத் தோளைச் சுற்றிப் போர்த்துங்கள். நாற்காலியில் இருப்பவருக்கு நீளவாக்கில் பாதியாக மடித்துக்கொண்டால் சக்கரத்தில் சிக்காது. ஆக்ஸிஜன் குழாய் இருந்தால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். படத்தைப் போர்த்தும் முன்னும் எடுங்கள், போர்த்தினால் குயில்டின் வடிவம் மறைந்துவிடும்.

எந்தப் படை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். மரைன் படையினர் ஒருவரை ‘சோல்ஜர்’ என்று அழைத்தால் முகம் மாறும். அந்தச் சொல் தரைப்படைக்காரருக்குரியது. போரில் என்ன செய்தீர்கள் என்று கேட்கக் கூடாது, அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய பலருக்கு ஊரில் வரவேற்பே கிடைக்கவில்லை. அதனால் தோளில் போர்வை ஏறியதும் கண் கலங்குபவர்கள் உண்டு. அப்போது பேச்சை நீட்டாமல் சும்மா பக்கத்தில் நில்லுங்கள்.

நாள் குறிப்பதில் ஒரு கவனம். நவம்பர் 11 முன்னாள் வீரர்களுக்கான நாள். மார்ச் 29 வியட்நாம் வீரர்களுக்கு. மே மாதக் கடைசித் திங்கள் வரும் மெமோரியல் டே உயிர்நீத்தவர்களுக்கானது. அன்றைக்கு அவர் தன் தோழர்களை நினைத்துக்கொண்டிருப்பார். வேறு நாள் பாருங்கள்.

அதே வாசகர்: பெற்றவர்கள் பலர் ‘அழுக்காகிவிடும்’ என்று அலமாரியில் பூட்டிவிடுகிறார்களாமே?

ஆமாம், அடிக்கடி நடக்கிறது. வழங்கும்போதே, இது சோபாவில் கிடக்க வேண்டிய பொருள் என்று சொல்லிவிடுங்கள். கூடவே சலவைக் குறிப்பை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, குளோரின் வெளுப்பான் கூடாது, குறைந்த சூட்டில் உலர்த்தல். பூட்டித்தான் வைப்பேன் என்றால் பிளாஸ்டிக் பை வேண்டாம், தலையணை உறையில் போட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை மடிப்பை மாற்றி மடிக்கச் சொல்லுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை அறுந்துவிடும்.